நீண்ட வார விடுமுறையும் நெடுஞ்சாலைப் பயணமும்

பண்டிகைக்கு முந்திய நாள்களில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை மக்கள் வெள்ளத்தால் நிரம்பி வழியும். அங்கே புத்தாடையும் பலகாரமும் வாங்குவோருள் பலர், தம் வீட்டுக்கு மட்டுமன்றி, கூலாய், குளுவாங், சிகாமட் முதலிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் சேர்த்தே வாங்குகின்றனர். பண்டிகை நாள் சனி, ஞாயிறை ஒட்டி வருமாயின் மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. உடனே காரில் புறப்படும் ஆவலும் எழுகிறது. அப்பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிங்கப்பூர் ஒரு தீவு. அங்கிருந்து மலேசியாவுக்குச் சாலை வழியாகச் செல்ல இரண்டே பாதைகள் உள்ளன. ஒன்று, 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் கடற்பாலம். இதன் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. மற்றொன்று, 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் பாலம். 1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967இல் எல்லையில் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கியது. தாய் ஒரு நாட்டிலும் மகன் மறு நாட்டிலுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்கு இப்பாலங்கள் வெறும் கல்லும் மண்ணும் அல்ல. உறவைக் காணும் வாயில்கள்.

ஆயினும் இவ்வாயில்கள் குறுகியவை. நாள்தோறும் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவற்றைக் கடக்கின்றனர். விடுமுறைக்கு முந்திய மாலையில், சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்கள் வீடு திரும்புகின்றனர். அதே வேளையில் சிங்கப்பூர்க் குடும்பங்களும் புறப்படுகின்றன. ஒவ்வொருவரின் ஆவணமும் இரு நாட்டுச் சாவடிகளிலும் தனித்தனியே சரிபார்க்கப்பட வேண்டும். ஆகவே கார்கள் சோதனைச்சாவடியைக் கடக்க மூன்று மணி நேரம் வரை ஆவதும் உண்டு.

மாணவமணிகளே! இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். லிட்டில் இந்தியாவிலிருந்து குளுவாங் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் எல்லையில் மூன்று மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால், ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் இரு மடங்காகிவிடும்! மலாக்கா ஏறத்தாழ 240 கிலோமீட்டர். பயணம் மூன்று மணி, காத்திருப்பு மூன்று மணி, ஓய்வு அரை மணி, ஆக மொத்தம் ஆறரை மணி நேரம். பத்துமலையோ 365 கிலோமீட்டருக்கு அருகில் உள்ளது. ஓய்வையும் காத்திருப்பையும் சேர்த்தால் எட்டரை மணி நேரம் ஆகலாம். போய்வரப் பதினேழு மணி. மூன்று நாள்களில் நாம் விழித்திருப்பது ஏறத்தாழ 48 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காருக்குள்ளேயே கழிந்துவிடும். எனவே விடுமுறைப் பயணத்தைக் கிலோமீட்டரால் அளவிடுதல் தவறு. மணியால் அளவிடுதலே சரி.

இக்கணக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் துணைசெய்யும். 272 படிகளும், 2006இல் எழுப்பப்பட்ட 140 அடி உயர முருகன் சிலையும் கொண்ட பத்துமலையைக் காண விழைவோர் அதற்கென்றே ஒரு பயணம் வகுத்துக்கொள்வது நலம். உற்றாரையும் கண்டு ஊரையும் பார்க்க விரும்புவோர்க்கு மலாக்கா ஏற்றது. மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் அங்கே இன்றும் வழிபாட்டில் உள்ளது.

இனி, புறப்படும் நேரம். வெள்ளிக்கிழமை மாலையைத் தவிர்த்து, சனிக்கிழமை விடியுமுன் புறப்படுதல் நன்று. திரும்பும்போது கடைசி நாள் மாலை வரை காத்திராமல் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். சோதனைச்சாவடிகளின் நிலையைக் காட்டும் நேரலைப் படங்களைச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் இணையத்தில் வெளியிடுகிறது. அவற்றைப் பார்த்து, எந்தப் பாலம் வழியாகச் செல்வது என முடிவு செய்யலாம்.

ஆவணங்களையும் வாகனத்தையும் ஒரு வாரத்திற்கு முன்பே சரிபார்த்தல் வேண்டும். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதமேனும் செல்லுபடியாக வேண்டும். 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸில் காரில் செல்வோர் கடப்பிதழுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். எனினும் மலேசியாவுக்குள் நுழையக் கடப்பிதழ் கட்டாயம் தேவை. சிங்கப்பூரில் பதிவான கார்களுக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை முதல் அது இல்லாதவர்க்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. சாலைக் கட்டணத்திற்கு டச் என் கோ அட்டையில் போதிய பணம் இருத்தல் அவசியம். சிங்கப்பூர்க் கார்களின் எண்ணெய்க் கலனில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தால்தான் எல்லை தாண்ட இயலும். மலேசியாவில் பெட்ரோல் விலை குறைவாதலின், பலரும் அங்கே சென்று நிரப்பிக்கொள்வதைத் தடுக்கவே 1991 முதல் இவ்விதி உள்ளது.

எல்லாவற்றினும் முக்கியமானது ஓட்டுநரின் உடல்நிலை. பகல் முழுதும் வேலை செய்தவர் இரவெல்லாம் காரோட்டுவது பேராபத்து. காப்பியும் குளிர்காற்றும் தூக்கத்தைச் சற்றே தள்ளிப்போடும், போக்கிவிடா. தூக்கத்திற்கு மருந்து தூக்கமே. இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை காரை நிறுத்தி இளைப்பாற வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மச்சாப், பாகோ முதலிய ஓய்விடங்கள் இதற்கென்றே அமைந்துள்ளன. அங்கு உச்ச வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். அது வரம்பேயன்றி எட்ட வேண்டிய இலக்கு அன்று. பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கை வார் அணிவது மலேசியாவில் 2009 முதல் கட்டாயம். 2020 முதல் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கையும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பாலத்தில் நெடுநேரம் நிற்க நேரிடுமாதலால் குடிநீர், முதியோரின் மருந்து, குழந்தைகளுக்கு மாற்றுடை ஆகியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

மாணவர்களே, அப்பா கொட்டாவி விடுவதைக் கண்டால், "சற்று ஓய்வெடுங்கள் அப்பா" என்று சொல்ல நீங்கள் தயங்கலாகாது. தோட்டத்தில் காத்திருக்கும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எங்கே வந்துவிட்டீர்கள்?" என்று வண்டி ஓட்டுபவரை அடிக்கடி தொலைபேசியில் அழையாதீர்கள். "எப்பொழுது வந்தாலும் சோறு சூடாக இருக்கும், நிதானமாக வாருங்கள்" என்று புறப்படும் முன்னரே சொல்லிவிடுங்கள். அவ்வொரு சொல் ஓட்டுநரின் அவசரத்தைத் தணிக்கும். அவசரம் தணிந்தால் விபத்தும் குறையும்.

ஒரு மணி முந்திச் சேர்வதால் பெரும்பயன் ஏதுமில்லை. அனைவரும் நலமாய்ச் சேர்ந்து, ஒன்றாய் அமர்ந்து உண்பதே விடுமுறையின் பயன். நேரத்தைக் கணக்கிடுவோம், நிதானமாய்ச் செல்வோம், நலமாய்த் திரும்புவோம்.