சிக்கனமாகச் சிம்லா

டில்லியில் வாழும் நம் குடும்பங்களில் கோடை வந்ததும் சிம்லாவைப் பற்றிப் பேச்சு எழுவதுண்டு. "அது செல்வர்கள் போகும் ஊர், நமக்கெங்கே கட்டும்?" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்ல, பேச்சு அத்துடன் அடங்கிவிடும். இவ்வெண்ணத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1864-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு தன் கோடைத் தலைநகராகச் சிம்லாவை ஆக்கிக்கொண்டது. ஆண்டுதோறும் வைசிராயும் அவருடைய பரிவாரமும் கோப்பு மூட்டைகளுடன் மலையேறினர். அன்று படிந்த படாடோபம் ஊரின் பெயரை விட்டு இன்னும் அகலவில்லை. ஆனால் அவ்வூரின் சிறந்த இன்பங்களுக்குக் காசு மிகுதியாக வேண்டுவதில்லை. கால்களில் வலுவிருந்தால் போதும்.

டில்லியிலிருந்து இரவு வண்டியில் புறப்பட்டால் விடியற்காலையில் கால்காவை அடையலாம். அங்கிருந்து சிறிய இரயில் ஏறுகிறது. 1903-இல் திறக்கப்பட்ட இப்பாதையின் அகலம் இரண்டடி ஆறங்குலமே. 656 மீட்டர் உயரத்திலிருந்து 2,076 மீட்டர் உயரத்திற்கு ஏறும் 96 கிலோமீட்டர்ப் பயணத்திற்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஆகும். வழியில் 102 குகைகள். அவற்றுள் நெடியது பாரோக் குகை. ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இருள். குகை கடந்ததும் வரும் நிலையத்தில் வண்டி சற்று நிற்கும், தேநீர் பருகலாம். கனோ அருகே நான்கடுக்கு வளைவுகளால் கட்டிய கற்பாலத்தை வண்டி ஊர்ந்து கடக்கும்போது குழந்தைகளைச் சன்னலை விட்டு அகற்ற முடியாது. கட்டணம் மிகுந்த சொகுசுப் பெட்டிகளும் இப்பாதையில் உண்டு. சாதாரணப் பெட்டியில் அமர்ந்தவருக்கும் அதே மலைதான், அதே தேவதாருதான். புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்க்கச் சாதாரணப் பெட்டியே வசதி.

சிம்லாவில் இறங்கியதும் சிக்கனத்திற்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. நிலையம் தாழ்விலும் ஊர் உயரத்திலும் இருக்கின்றன. மால் சாலையில் பொது வண்டிகளுக்கு இடமில்லை. ஆகவே சாமான்கள் மனிதர் முதுகில்தான் ஏற வேண்டும். மூட்டை சுமப்போரில் பலர் காஷ்மீரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரார் அவர்களைக் 'கான்' என்று அழைப்பர். கயிற்றைத் தோளில் மாட்டி, இரண்டு பெட்டிகளையும் அவற்றின்மேல் ஒரு படுக்கையையும் வைத்து, குனிந்தபடியே அவர்கள் படியேறுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். இவர்களிடம் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் வழக்காடுவது நம்மவர் சிலருக்குப் பயணத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. ஊரை விட்டு ஊர் வந்து உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புதல் இன்னதென்று நாம் அறியாதவர்கள் அல்லர். கூலியை முன்னரே பேசிக்கொள்ளலாம், பேசியபின் குறைக்கலாகாது. அதனினும் மேலான வழி, ஆளுக்கொரு பையாகச் சுமையைச் சுருக்கிக்கொண்டு தாமே நடப்பது. கீழ்ச்சாலையிலிருந்து மால் சாலைக்குச் சிறு கட்டணத்தில் ஏற்றிவிடும் மின்தூக்கி ஒன்றும் உண்டு.

மால் சாலையைப் பார்த்த அறைகளுக்கு வாடகை மிகுதி. சில படிகள் கீழிறங்கினால் அதே காற்றுக்குப் பாதி விலை. வங்காளிகளின் காளி பாரிக் கோயிலை ஒட்டிய விடுதி போன்ற எளிய தங்குமிடங்களும் உள்ளன. கோடையில் முன்னரே எழுதிக் கேட்டல் நலம். உணவுக்கு லோயர் பஜார். சுடச்சுட ராஜ்மாவும் சோறும் அங்குள்ள சிறு கடைகளில் வயிறு நிறையக் கிடைக்கும். காபி இல்லாமல் காலை விடியாதவர்கள், தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தார் நடத்தும் இந்தியன் காபி ஹவுஸை மால் சாலையில் தேடிக்கொள்க. தோசையும் உண்டு, மாம்பலத்துத் தோசையை எதிர்பார்த்தல் தகாது.

ரிட்ஜ் திடலில் நின்று பனிமலைகளைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து செங்குத்தாக ஏறினால் ஜாக்கூ மலையில் ஆஞ்சநேயர் கோயில். 2010-இல் அமைத்த 108 அடிச் சிலை ஊரெங்குமிருந்து தெரியும். மூக்குக் கண்ணாடியை மட்டும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்க. அங்குள்ள குரங்குகள் அதைப் பறிப்பதில் கைதேர்ந்தவை.

மேற்கே நான்கு கிலோமீட்டர் நடந்தால் பழைய வைசிராய் மாளிகை; 1965 முதல் அது உயர் ஆய்வு நிறுவனம். சீட்டு வாங்கினால் உள்ளே சில அறைகளைக் காட்டுவர். 1945-இல் வேவல் பிரபு கூட்டிய மாநாட்டிற்கு ஆஸாத், ஜின்னா முதலியவர்களுடன் நம் ராஜாஜியும் வந்தது இங்கேதான். 1888-இல் முடிந்த இக்கட்டடத்தை வரைந்தவர் ஹென்றி இர்வின். 1892-இல் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை முடித்துக் கொடுத்தவரும் அவரே. பாரிமுனையின் செந்நிறக் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, இச்சாம்பல் நிறக் கல்மாளிகை ஏதோ தெரிந்தவர் வீடு போலத் தோன்றினால் வியப்பில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். இம்மலைமீது ஆறு ஓடவில்லை; தொலைவிலுள்ள பள்ளத்தாக்குகளிலிருந்து நீரை இறைத்து ஏற்றுகிறார்கள். 2018-ஆம் ஆண்டுக் கோடையில் பல தெருக்களுக்கு நாட்கணக்கில் குழாயில் நீர் வரவில்லை. 'இப்போது வராதீர்கள்' என்று ஊர்மக்களே பயணிகளைக் கேட்டுக்கொண்டனர். குடங்களுடன் வரிசையில் நின்ற அனுபவம் சென்னைக்காரருக்குப் புதிதன்று. விடுதியில் ஒரு வாளிக் குளியலோடு நிறுத்திக்கொண்டால், அந்த நீர் கீழ்த்தெருவில் ஒரு வீட்டுக்கு உலை வைக்க உதவும்.

இதனாலேயே மே, ஜூன் மாத நெரிசலை விலக்குமாறு சொல்கிறேன். மழை மாதங்களும் ஆகா: 2023 ஆகஸ்டில் மலை சரிந்து உயிர்கள் பல மாண்டன, சம்மர் ஹில் அருகே இரயில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது, வண்டிகள் பல வாரங்கள் ஓடவில்லை. தசரா விடுமுறை ஏற்ற காலம். வானம் தெளிந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். மாலைக் குளிருக்குக் குழந்தைகளின் கம்பளிச் சட்டையும் காதுக்குல்லாயும் மறவாமல் எடுத்துச் செல்க.