தைலமரக் காட்டில் தீ

போன மாசம் வயலோரம் காய்ந்த புல்லுக்கு விளையாட்டாகத் தீ வைத்தேன். காற்று அடித்ததும் வைக்கோல் போர் பக்கம் பாய்ந்தது. பக்கத்து வயல்காரர்கள் ஓடிவந்து அணைத்தார்கள். அப்பாகிட்ட செம அடி! அப்புறம்தான் காட்டுத்தீ பற்றிப் படித்தேன்.

சளிக்குத் தடவுகிறோமே யூகலிப்டஸ் தைலம், அந்த மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. இலையில் எண்ணெய் இருப்பதால் சட்டென்று பற்றும். 2019-20-ல் அங்கே கடும் வறட்சி. மின்னல் விழுந்தே பல காடுகள் பற்றின.

சமூகம்: 33 பேர் தீயில் இறந்தனர். 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. நகரங்களிலும் புகையால் மூச்சுத் திணறல்.

பொருளாதாரம்: ஆடுமாடுகள், வேலிகள், திராட்சைத் தோட்டங்கள் நாசம். சுற்றுலாவும் படுத்துவிட்டது.

சுற்றுச்சூழல்: சுமார் 300 கோடி உயிரினங்கள் இறந்தன அல்லது இடம்பெயர்ந்தன என்பது விஞ்ஞானிகள் கணக்கு. மழையில் சாம்பல் ஆற்றில் கலந்து மீன்களும் செத்தன.

மின்னலை நம்மால் தடுக்க முடியாது. தீக்குச்சியைத் தடுக்கலாமே! நான் விட்டுட்டேன். நீங்க?