கார்புக்கு டாட்டா... எஃப்.ஐ-க்கு வெல்கம்!

ஃபைனல் இயர் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் வகுப்புகளில் ஜூலை பிறந்தாலே ஒரு கேள்வி சுற்றி வரும்... 'என்ன புராஜெக்ட் மச்சி?' பத்து பேட்ச்சில் ஒரு பேட்ச்சாவது, 'பழைய கார்புரேட்டர் இன்ஜினை ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாத்தறோம்' என்று காலரைத் தூக்கிவிடும். ஐடியா சூப்பர். ஆனால், டீமில் இருக்கும் நாலு பேரும் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு இ.சி.யு., சென்ஸார், மேப்பிங் என்று உட்கார்ந்துவிடுவார்கள். பெட்ரோல் லைன்? 'அதான் ஒரு பம்ப்பு, ரெண்டு ஹோஸு... ரிவ்யூவுக்கு முந்தின நாள் பார்த்துக்கலாம்!'

அங்கேதான் பாஸ் ஆபத்து! இ.சி.யு-வில் தப்பு நடந்தால் இன்ஜின் இருமும், திக்கும், நின்றுபோகும். பெட்ரோல் லைனில் தப்பு நடந்தால் லேப்பே பற்றி எரியும். அதனால், இந்த வாரம் மூளையை விட்டுவிட்டு ரத்தக் குழாயைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு குட்டி ஃபிளாஷ்பேக்

1954-ல் பென்ஸ் 300 எஸ்.எல். கார் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. 1980-ல் கவாஸாகி இசட் 1000 ஹெச்1 பைக்கில் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் எட்டிப் பார்த்தது. நம்ம ஊருக்கு 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. கொண்டுவந்தது. அப்போது பலரும் 'ரிப்பேர்னா யாருகிட்ட போறது?' என்று பயந்து ஒதுங்கினார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்ததும் கதையே மாறிவிட்டது. ஷோரூமில் நிற்கும் பெரும்பாலான பைக்குகள் இன்று எஃப்.ஐ-தான். ஆக, இந்த வேலையைக் கையால் செய்து கற்றுக்கொண்டவனுக்கு மவுசு உண்டு!

கார்புரேட்டர் அப்பாவி... இன்ஜெக்டர் கறார்!

கார்புரேட்டருக்கு பெட்ரோல் போவது கிட்டத்தட்ட தண்ணித் தொட்டியிலிருந்து குழாய்க்கு வருவது மாதிரி. டேங்க் மேலே, கார்ப் கீழே. முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு பெட்ரோல் நின்றால் கிடைக்கும் அழுத்தம் வெறும் 0.02 பார். மிதவை நிரம்பினால் ஊசி அடைத்துக்கொள்ளும். அவ்ளோதான்.

இன்ஜெக்டருக்கு இந்தக் கதை எல்லாம் ஆகாது. அதற்குச் சுமார் 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. அழுத்தம் நிலையாக வேண்டும். கார்ப் பார்த்ததைவிட 100 மடங்குக்கும் மேல்! இந்த ஒரு நம்பரை மனதில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் எல்லா விஷயங்களும் தானாகப் புரியும். பழைய காக், பழைய ஹோஸ், பழைய கிளிப் எல்லாம் ஏன் உதவாது என்பதற்கும் பதில் இதுதான்.

பெட்ரோல் போகும் ரூட் இப்படி: டேங்க், முரட்டு வடிகட்டி, பம்ப், மெயின் ஃபில்டர், இன்ஜெக்டர், கூடவே அழுத்தத்தைக் காக்கும் ரெகுலேட்டர். சில செட்டப்களில் மிச்ச பெட்ரோல் டேங்க்குக்கே திரும்பும் ரிட்டர்ன் லைனும் உண்டு.

டேங்க்: வெல்டிங்னா உஷார்!

ஈஸியான வழி, எஃப்.ஐ. மாடல் பைக்கின் பம்ப் மாட்யூலை அப்படியே வாங்கிக்கொள்வது. பம்ப், வடிகட்டி, ரெகுலேட்டர், மிதவை எல்லாம் ஒரே சொம்புக்குள் அடக்கம். அதே பைக்கின் டேங்க்கும் சேர்ந்து கிடைத்தால் லட்டு. சென்னை புதுப்பேட்டைப் பக்கம் அலைந்தால் சிக்கலாம். ஆனால், பழைய பம்ப் என்றால் அழுத்தம் காட்டுகிறதா என்று கேஜ் மாட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

'வேணாம், நம்ம டேங்க்லேயே ஓட்டை போட்டு மாட்யூலை மாட்டிக்கலாம்' என்றால்... ஒரு நிமிஷம். பெட்ரோல் இருந்த டேங்க்கை நீங்களாக வெல்டிங் செய்யவே கூடாது. காலியாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். முழு டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவியும் காற்றும் கலந்தால் அது குண்டு. ஆவியை முழுக்க நீக்கிவிட்டு வெல்டிங் செய்யத் தெரிந்த அனுபவசாலியிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். பட்ஜெட் இருந்தால் புது அலுமினிய டேங்க்கே செய்துகொள்ளலாம்.

பழைய டேங்க்கில் துரு இருந்தால் அதையும் சுத்தம் செய்தாக வேண்டும். இன்ஜெக்டரின் வாய், மயிரிழை ஓட்டை. ஒரு துளி துரு போதும், சோலி முடிந்தது.

பம்ப்: குளித்துக்கொண்டே வேலை செய்பவர்

எலெக்ட்ரிக் பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். அதனால் பம்ப் டேங்க்குக்குள் மூழ்கி இருப்பது நல்லது. 'ரிசர்வ்ல ஊர் சுத்துறவன்' எஃப்.ஐ. பைக்கில் சீக்கிரம் பம்ப் மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பம்ப் காற்றைக் குடித்தால் அழுத்தம் சட்டென்று விழும், இன்ஜின் திக்கும். பைக்கில் இது அவ்வளவு தொல்லை இல்லை. ஏன் தெரியுமா? வளைவில் பைக்கே சாய்ந்துவிடுவதால், பெட்ரோல் டேங்க்கின் அடியிலேயே இருக்கும். கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு கார் கட்டும் டீம்களுக்குத்தான் தலைவலி. கார் சாயாது; பெட்ரோல்தான் ஒரு பக்கமாக ஓடி ஒதுங்கும். அதனால் டேங்க்குக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பார்கள். இல்லையென்றால், பம்ப்புக்கு முன்னால் எப்போதும் நிரம்பியே இருக்கும் ஒரு குட்டித் தொட்டி வைப்பார்கள்.

ஹோஸ்: பத்து ரூபாயில் பரலோகம்!

கடையில் போய் 'பெட்ரோல் டியூப் ஒரு மீட்டர்' என்றால் கார்புரேட்டர் டியூபைத்தான் வெட்டிக் கொடுப்பார்கள். எஸ்.ஏ.இ. ஜே30 தரத்தில் ஆர்7 என்ற ஹோஸ் 50 பி.எஸ்.ஐ. வரைதான். நமக்கு வேண்டியது 43. 'அதான் பத்துமே' என்று கணக்குப் போடாதீர்கள். ரிட்டர்ன் அடைத்துக்கொண்டால் அழுத்தம் எகிறும். இன்ஜெக்‌ஷனுக்கென்றே இருக்கும் ஆர்9 ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். டேங்க்குக்குள் மூழ்கிக் கிடக்கும் இடத்துக்கு ஆர்9-ம் சரிப்படாது. அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறும். அதற்கு ஆர்10 என்று தனி ரகம் இருக்கிறது. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊதும், வெடிக்கும். ஆக, பழைய ஹோஸ், பழைய வாஷர் எதையும் திரும்பப் போடாதீர்கள்.

அடுத்த வில்லன், திருகாணி வைத்த பல் கிளிப். சாதாரணமாக எல்லா இடத்திலும் பார்ப்போமே, அதுவேதான். அதன் பல் ரப்பரைக் கடிக்கும். ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிகளில் பெட்ரோல் லைனுக்கு இந்தக் கிளிப்புக்குத் தடா! முழு வட்டமாகச் சுற்றிப் பிடிக்கும், ஓரம் மடித்த, நட்டு போல்ட்டால் இறுக்கும் கிளிப்தான் செல்லும். காரையே 60 டிகிரி சாய்த்து ஒரு சொட்டாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். போட்டிக்குப் போகாவிட்டாலும் இந்த விதியை உங்கள் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

லைனை சைலன்ஸர் பக்கமோ, செயின் பக்கமோ கொண்டு போகாதீர்கள். ஃப்ரேமில் உரசும் இடங்களுக்கு உறை போடுங்கள்.

ரெகுலேட்டர்: எதிரே யார் இழுக்கிறார்?

இன்ஜெக்டரிலிருந்து எவ்வளவு பெட்ரோல் விழும் என்பதை முடிவு செய்வது பின்னால் தள்ளும் அழுத்தம் மட்டுமல்ல. முன்னால் இன்ஜின் இழுக்கும் உறிஞ்சலும்தான். ஐடிலிங்கில் இன்ஜின் 0.65 பார் உறிஞ்சுகிறது என்று வையுங்கள். லைனில் 3 பார் இருந்தால், இன்ஜெக்டருக்கு நிஜத்தில் கிடைக்கும் வித்தியாசம் 3.65 பார். வர்க்கமூலம் போட்டுப் பாருங்கள், பெட்ரோல் சுமார் 10 சதவீதம் கூடுதலாக விழும்!

இதற்கு ரெண்டு வழி. ஒன்று, ரெகுலேட்டரிலிருந்து ஒரு சின்ன டியூபை த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம் இன்டேக்கில் சொருகுவது. உறிஞ்சல் கூடினால் லைன் அழுத்தம் தானாகக் குறையும், வித்தியாசம் எப்போதும் 3 பார். ரெண்டு, டேங்க் மாட்யூலில் இருப்பதுபோல நிலையான அழுத்தம் வைத்துவிட்டு, கணக்கை இ.சி.யு. தலையில் கட்டுவது. சிங்கிள் சிலிண்டரில் உறிஞ்சல் துடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் ரெண்டாவது வழிதான் சுலபம். எது உங்கள் வழி என்று மேப்பிங் செய்கிறவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், அவன் ராத்திரி முழுக்க முடியைப் பிய்த்துக்கொள்வான்.

இன்ஜெக்டர்: ஒரு பேப்பர், ஒரு பேனா

'பெருசா போட்டா பவர் ஜாஸ்தி' என்பது சுத்த ஹம்பக். கணக்கு ரொம்ப சிம்பிள். 20 பி.ஹெச்.பி. இன்ஜின் என்று வைப்போம். ஒரு குதிரைச் சக்திக்கு மணிக்கு ஏறத்தாழ 227 கிராம் பெட்ரோல். இருபதுக்கு 4,540 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம் என்பதால், மணிக்கு 6.1 லிட்டர். நிமிஷத்துக்கு 102 சிசி.

ஆனால், இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைக்கக் கூடாது. 6,000 ஆர்.பி.எம்-மில் நாலு ஸ்ட்ரோக் முடிய 20 மில்லி செகண்ட்தான். அதில் 80 சதவீதம், அதாவது 16 மில்லி செகண்ட் திறந்தால் போதும் என்று திட்டமிட வேண்டும். 102-ஐ 0.8-ஆல் வகுத்தால் 128 சிசி. எத்தனாலுக்காக இன்னும் ஒரு 8 சதவீதம் சேர்த்தால், 140 சிசி. அவ்ளோதான், உங்கள் இன்ஜெக்டர் ரெடி. இதற்குப் பதில் 400 சிசி இன்ஜெக்டரைப் போட்டால், ஐடிலிங்கில் கண் இமைப்பதைவிடச் சின்ன நேரம் திறந்து மூட வேண்டும். அதில் துல்லியம் வராது. ப்ளக் நனையும், புகை கக்கும்.

கரண்ட் இருக்கா?

கார்ப் பைக்குக்கு பேட்டரி செத்தாலும் கிக்கர் இருக்கும். எஃப்.ஐ-க்கு பம்ப் சுற்றினால்தான் உயிர். பம்ப் வைப்பது, இன்னொரு ஹெட்லைட்டைக் கூடுதலாக எரிப்பது மாதிரி. பழைய வண்டியின் சார்ஜிங் தாங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். பம்ப்புக்குத் தனி ரிலே, தனி ஃப்யூஸ் கட்டாயம். சாவி போட்டதும் ரெண்டு செகண்ட் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓடி நிற்க வேண்டும். இன்ஜின் சுற்றுகிற சிக்னல் வந்தால் மட்டும் தொடர வேண்டும். வண்டி விழுந்து இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

சாவி போடும் முன்... பஞ்ச சீலம்!

* முதல் டெஸ்ட் திறந்த வெளியில். இன்ஜின் குளிர்ந்திருக்கட்டும், இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிடுங்கள்.

* பம்ப்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளைப் பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஈரமானால் அங்கேயே நிறுத்துங்கள்.

* பம்ப்பை நிறுத்தியதும் கேஜ் முள்ளைக் கவனியுங்கள். சட்டென்று விழுந்தால் எங்கோ கசிவு.

* லைனைக் கழற்றும் முன் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைச் சுற்ற வைத்து, அழுத்தத்தை இறக்குங்கள். 3 பார் பெட்ரோல் நேராகக் கண்ணில்தான் பாயும். கண்ணாடி மஸ்ட்!

* பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

ரோட்டுக்கு நோ!

கடைசியாக ஒரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எனவே, அப்பாவின் பைக்கில் கை வைக்காதீர்கள். லேப் இன்ஜின், டெஸ்ட் ஸ்டாண்ட், காலேஜ் கார் என்று விளையாடுங்கள்.

வைவாவில் எக்ஸாமினர் லேப்டாப்பில் ஓடும் கலர் கலர் கிராஃபைத்தான் முதலில் பார்ப்பார். ஆனால், விஷயம் தெரிந்தவர் என்றால் குனிந்து ஹோஸ் கிளிப்பைப் பார்ப்பார். அப்போது உங்கள் டீம் நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும். அதற்கு இன்றைக்கே போய் ஆர்9 ஹோஸ் ஒரு மீட்டர் வாங்கிடுங்க மக்களே... ஆல் தி பெஸ்ட்!