வறண்ட செம்மண்ணுக்கு விராலி

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் விராலிமலையைத் தாண்டிப் போனால் கொடும்பாளூர் வரும். இருக்குவேளிர் ஆண்ட ஊர். பூதி விக்கிரமகேசரி பத்தாம் நூற்றாண்டில் எழுப்பிய மூவர் கோயிலின் மூன்று கோயில்களில் இரண்டு இன்றும் நிற்கின்றன. கோயில் பார்க்க வருகிறவர்கள் சுற்றியுள்ள நிலத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். செம்மண், சரளை, நடுநடுவே பாறை. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்தால் மாதக்கணக்கில் வெயில்தான்.

இப்படிப்பட்ட நிலத்துக்கென்றே அமைந்த புதர்ச்செடி விராலி. விராலிமலைக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தச் செடியால்தான் என்று சொல்வார்கள். ஆள் உயரத்துக்கு வளரும். இடம் வாய்த்தால் அதற்கு மேலும் போகும். இலை ஒடுக்கமாக, விரல் நீளத்துக்கு, காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டியிருக்கும். வெயிலில் பார்த்தால் மேலே வார்னிஷ் பூசியதுபோல் மினுமினுக்கும். தொட்டால் விரலில் லேசாக ஒட்டும். கசக்கி முகர்ந்தால் பிசின் வாடை தூக்கலாக வரும்; நாக்கில் வைத்தால் புளிப்பும் கசப்பும்.

அந்தப் பிசின்தான் விராலியின் கவசம். இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகளிலிருந்து கசிந்து, மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிகிறது. வெயிலில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்புகிறது. இலையிலிருந்து நீர் ஆவியாவதையும் குறைக்கிறது. கசப்பினால் ஆடு மாடுகளும் பெரும்பாலும் இதை ஒதுக்கிவிடுகின்றன. மேய்ச்சல் மிகுந்த ஊரில் ஒரு வேலிச்செடிக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா? சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் இலையை வதக்கிக் கட்டுவது பழைய நாட்டு வைத்தியம்.

தாவரவியலில் இதன் பெயர் டோடோனியா விஸ்கோசா. பதினாறாம் நூற்றாண்டின் ஃபிளெமிஷ் தாவரவியலாளர் ரெம்பர்ட் டோடோன்ஸின் நினைவாக வைத்த பெயர். பூந்திக்கொட்டை மரமும் லிச்சியும் இதே குடும்பம். ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, ஹவாய், நியூசிலாந்து, அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் என்று இந்த ஒரே இனம் உலகைச் சுற்றிப் பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர்கள் பீர் காய்ச்ச ஹாப்ஸ் கிடைக்காதபோது விராலிக் காயைப் போட்டிருக்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரிகள் இதன் வைரம் பாய்ந்த கட்டையில் ஆயுதம் செய்தார்கள்.

பூவுக்கு இதழ் கிடையாது. வண்டையும் தேனீயையும் நம்பாமல் காற்றிலேயே மகரந்தத்தை விடுகிறது. பெரும்பாலும் ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ இன்னொரு செடியிலுமாக இருக்கும். ஆகவே ஒற்றைச் செடியை வளர்த்துவிட்டு விதைக்குக் காத்திருப்பது வீண். நாலைந்தாவது சேர்ந்து நிற்க வேண்டும். காய்க்குக் காகிதம்போல் மெல்லிய சிறகுகள், பெரும்பாலும் மூன்று. அவை சிவந்து, பழுப்பேறிக் காய்ந்ததும் உள்ளே கறுப்பாகச் சிறு விதைகள் இருக்கும்.

விராலி வளர்க்க முயல்கிறவர்கள் தடுமாறும் இடம் இந்த விதைதான். மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே விதைத்தால் பெரும்பகுதி முளைக்காமல் கிடக்கும். சிறகை உதிர்த்துவிட்டு, விதையைத் துணியில் முடிந்து, கொதிக்கும் நீரில் சில நொடிகள் மட்டும் முக்கி எடுங்கள். பிறகு ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறட்டும். உப்பிய விதையில் நீர் ஏறிவிட்டது என்று பொருள். உப்பாததை மறுபடி ஒருமுறை முக்கலாம்.

மண் சூடேறிக் கிடக்கும்போது முளைப்பு குறையும் என்பதால் தை மாதத்துக் குளிரில் விதைப்பது நல்லது. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து நாற்றுப்பையில் நிரப்பி, அரை நிழலில் வைக்க வேண்டும். கோடை முழுக்க அளவாகத் தண்ணீர் காட்டினால் ஐப்பசி மழைக்கு நாற்று தயார். வேலிக்கு என்றால் மூன்றடிக்கு ஒன்று போதும். முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் விடுங்கள். வேர் ஆழமாக இறங்கிவிட்டால் பிறகு மழையே போதும். கவாத்து செய்தால் அடர்ந்து தழைக்கும். இது தாங்காதது ஒன்றுதான்: வேரில் தேங்கும் தண்ணீர். கண்மாய்க் கரையின் சரிவில் நடலாம். உள்வாயில் நடக் கூடாது.

புதுக்கோட்டைச் சீமையின் பொட்டலெல்லாம் சீமைக்கருவேலும் தைலமரமும் பிடித்துக்கொண்டதை நாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். ஏற்கெனவே இந்த மண்ணுக்குப் பழகிய விராலியைப் பெரும்பாலான நாற்றங்கால்களில் காண முடிவதில்லை. இதை மாற்றக் கேட்டு வாங்கும் ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்துக்கோ தோட்டத்துக்கோ வேலி போடப் போகிறவர்கள் முள்கம்பி வாங்குமுன் ஒரு வரிசை விராலி நட்டுப் பாருங்கள். விதை பக்கத்துக் கரட்டிலேயே கிடைக்கும்; செடிக்குக் கொஞ்சம் மிச்சம் விட்டுப் பறியுங்கள்.