வேலைச் சந்தையில் நம் தகுதியை எடுத்துரைப்போம்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள கெலாங் பாத்தா, முன்னாளில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூராக விளங்கியது. 1998ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தையும் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. 1999இல் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தோரின் பிள்ளைகளுக்குத் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் பாலத்திற்கு அப்பாலும் புதிய வாயில்கள் திறந்தன.

ஆயினும், வேலை என்றும் நிலையாக இருப்பதில்லை. கோவிட் பெருந்தொற்றினால் 2020 மார்ச் 18ஆம் நாள் எல்லை மூடப்பட்டபோது, அன்றாடம் பாலத்தைக் கடந்து பிழைத்தவர்கள் பெரிதும் தவித்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் நாட்டின் வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காட்டை எட்டியது. தரைவழி எல்லை பரவலாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் நாளில்தான். இத்தகைய காலத்தில் ஓர் இடத்திற்குப் பலர் போட்டியிடுவர். அவர்களுள் ஒருவரை முதலாளி தேர்ந்தெடுப்பது எதனால்?

வேலை வாய்ப்புச் சந்தையில் நிறுவன அதிகாரி ஒவ்வொருவருக்கும் ஒதுக்கும் நேரம் சில நிமிடங்களே. அங்கே நம்மவர் பலர், "எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன், ஐயா" என்று பணிவோடு கூறுகின்றனர். பணிவு நல்லதே. ஆனால், அச்சொல் நம் திறமையைப் பற்றி அவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை.

மாறாக, நாம் செய்த வேலையை அளவோடும் விளக்கத்தோடும் சொல்ல வேண்டும். பால் மரம் சீவுபவர், தாம் எத்தனை ஆண்டுகள் சீவினார், நாளொன்றுக்கு எத்தனை மரங்கள் பார்த்தார், மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவினார் என்று கூறலாம். விடியுமுன் எழும் ஒழுங்கும், கையின் நுட்பமும், மேற்பார்வை இன்றியே உழைக்கும் பொறுப்பும் அதில் விளங்கும். தொழிற்சாலைகள் தேடும் பண்புகளும் இவையே. மருந்து தெளித்தவர், மருந்தை அளந்து கலந்ததையும் பாதுகாப்புக் கவசம் அணிந்ததையும் குறிப்பிடலாம்.

சொல்வதற்குச் சான்றும் வேண்டும். தேசிய மொழியில் ஒரு பக்க அளவில் தன்விவரம், கல்விச் சான்றிதழ், வாகனமோட்டும் உரிமம் ஆகியவற்றின் நகல்கள், தோட்ட நிர்வாகியின் பணிச்சான்றுக் கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்வோம். பள்ளிச் சான்றிதழ் குறைவாக உள்ளோரும் மனம் தளர வேண்டியதில்லை. முன்னனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறையைத் திறன் மேம்பாட்டுத் துறை நடத்தி வருகிறது.

நாமும் கேட்கத் தயங்கலாகாது. வேலை நேரம், மிகைநேரச் சம்பளம், போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவற்றைத் தெளிவாகக் கேட்டறிவோம். தோட்ட வேலையை விட்டால் வீட்டையும் விட நேரிடும் குடும்பங்களுக்குத் தங்குமிடம் சிறிய கேள்வியன்று. வேலை பெற்றுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரிடம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. சந்தா செலுத்தியவர் ஆட்குறைப்பினால் வேலை இழந்தால், 60 நாட்களுக்குள் விண்ணப்பித்து உதவித்தொகை கோரலாம். தம் விருப்பத்தின்பேரில் விலகியோருக்கு இது பொதுவாகக் கிட்டாது. ஆதலின், கடிதத்தில் கையொப்பமிடுமுன் அதனைப் படித்துணர்தல் அவசியம்.

தோட்டத்தில் நாம் கற்றது சிறிய தொழிலன்று. அதனை நாமே எடுத்துரைக்காவிடின் பிறர் அறிய வழியில்லை. அடுத்த சந்தைக்குச் செல்லுமுன், இன்றிரவே பிள்ளைகளுடன் அமர்ந்து, நாம் செய்த வேலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதத் தொடங்குவோம்.