உங்களுக்குத் தெரியுமா? பனியன் துணி பின்னும் மெஷின்

● திருப்பூரில் புதிதாக நிட்டிங் தொடங்குபவர் மெஷின் விற்பவரிடம் முதலில் கேட்பது, "ஷிப்டுக்கு எத்தனை கிலோ இறங்கும்?" என்றுதான். எந்தத் துணி ஓட்டப் போகிறோம் என்று முடிவு செய்யாதவரை அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

● ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதுதான் கேஜ். 30 அங்குல டயா (விட்டம்), 24 கேஜ் மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் வட்டமாக நிற்கின்றன. அதில் 90 ஃபீடர் (ஊசிகளுக்கு நூல் ஊட்டும் இடங்கள்) இருந்து, நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால், ஒரே ஊசி வரிசையில் பின்னும் சிங்கிள் ஜெர்சியில் ஒவ்வோர் ஊசியும் நிமிடத்துக்கு 2,250 முறை ஏறி இறங்குகிறது! நல்ல ஊசிக்கும் நல்ல எண்ணெய்க்கும் கணக்குப் பார்க்கக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

● நூல் நம்பருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சிங்கிள் ஜெர்சி என்றால் கேஜை அதே எண்ணால் பெருக்கி 18 ஆல் வகுக்க வேண்டும். 24 கேஜுக்கு 32 வரும். அதாவது 30-ஆம் நம்பர் நூல் சுகமாக ஓடும். 28 கேஜுக்கு 40-ஆம் நம்பர்.

● சிங்கிள் ஜெர்சி மெஷினில் ரிப் துணி வராது. அதற்கு சிலிண்டர் ஊசிகளோடு, டயல் என்னும் மேல்தட்டிலும் ஊசிகள் வேண்டும். போலோ டி-ஷர்ட்டின் காலரோ பெரும்பாலும் வட்ட மெஷினிலேயே பிறப்பதில்லை. அது ஃப்ளாட் மெஷின் வேலை.

● ஃபீடர் கூடினால் உற்பத்தி கூடும். ஆனால் வட்ட மெஷினில் துணி திருகுசுருளாக ஏறுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 90 ஃபீடர் மெஷின் ஒரு சுற்றில் 90 வரிசை பின்னும். அங்குலத்துக்கு 40 வரிசை என்று வைத்தால், சுற்று தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் இடையே இரண்டேகால் அங்குல ஏற்றம். வெள்ளைத் துணியில் இது கண்ணில் படாது. கோடு போட்ட துணியைக் குழாயாகவே விரித்து வெட்டினால் கோடு சாய்ந்து நிற்கும். இன்னொன்றும் உண்டு: ஃபீடருக்கு ஃபீடர் நிற நூலை மாற்றிக் கோடு போடும்போது, ஒரு டிசைன் அந்த இரண்டேகால் அங்குலத்துக்குள் அடங்கியாக வேண்டும். அகலமான கோடுகளுக்கு, நிற நூலைத் தானே மாற்றும் ஆட்டோ ஸ்ட்ரைப்பர் மெஷின்தான் வழி. கோடு ஆர்டர்களை நம்பித் தொழில் நடத்துபவர் ஃபீடர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மெஷின் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

● பக்கத் தையல் இல்லாத பனியன் பார்த்திருப்பீர்கள். உடம்பு அளவுக்கே குழாயாகப் பின்னிய துணி அது. சைஸுக்கு ஒரு டயா வேண்டும் என்பதால், இந்த வேலைக்குப் பல டயாக்களில் சிறிய மெஷின்கள் தேவை.

● லைக்ரா கலந்த துணி குழாயாகச் சுருண்டால் ஓரத்தில் விழும் மடிப்புத் தழும்பு லேசில் போகாது. ஆகவே அதற்கு, பின்னியவுடனே துணியை வெட்டி விரித்துச் சுற்றும் ஓப்பன் விட்த் மெஷின்.

● இன்று வட்ட மெஷினில் ஓடும் தாழ்ப்பாள் ஊசிக்கு வழிவகுத்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து மேத்யூ டவுன்செண்ட். ஆண்டு 1847.

● பழைய மெஷின் வாங்குகிறீர்களா? பெயின்டைப் பார்க்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் நூலைப் போட்டு ஒரு ரோல் ஓட்டச் சொல்லி, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெடுக்காக ஊசிக்கோடு தெரிந்தால் அந்த ஊசியை மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் அதே இடத்தில் கோடு விழுந்தால், தேய்ந்திருப்பது சிலிண்டரின் காடியாக இருக்கலாம். சிலிண்டர் மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.