45 குதிரையும் ஒரு கல்பாலமும்!

நீங்கள் ஆபீஸில் எக்ஸெல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கும் இரண்டு ஏக்கரை நினைத்துப் பெருமூச்சு விடும் ஆசாமியா? 'ஒரு டிராக்டர் மட்டும் இருந்தா போதும் சார்... வேலையை உதறிட்டு ஊருக்கே போயிடுவேன்' என்று டீக்கடையில் சபதம் போட்டவரா? அப்படியானால் கொஞ்சம் உட்காருங்கள். உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பொடி உழவு எது, தொளி உழவு எது என்று கேட்டால் முழிப்பேன். (பொடி என்றால் காய்ந்த மண்ணில்; தொளி என்றால் தண்ணீர் கட்டிய சேற்றில். இப்போது தெரியும்!) நாஞ்சில் நாட்டில் தாழக்குடிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். அப்பா பார்க்கிறார். நான் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் போய் வரப்பில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வேன். இதுதான் எனக்கும் விவசாயத்துக்கும் இருந்த உறவு.

2024 ஐப்பசி வரைக்கும்.

எங்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு பூ நெல். கன்னிப்பூ, கும்பப்பூ. பழைய திருவிதாங்கூர் ஊர் அல்லவா? 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம், ஆனால் பூவுக்குப் பெயர் இன்னும் மலையாள மாதத்தில்தான். புரட்டாசியான கன்னியில் அறுப்பது கன்னிப்பூ. மாசியான கும்பத்தில் அறுப்பது கும்பப்பூ. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளை வழக்கமாக ஜூன் 1-ல் திறந்து பிப்ரவரி கடைசி வரை தண்ணீர் விடுவார்கள். எல்லாம் சரிதான். சிக்கல் நடுவில்தான். கன்னிப்பூ அறுத்த கையோடு வயலை உழுது, தொளியாக்கி, கும்பப்பூவுக்கு நட வேண்டும். மேலே வடகிழக்குப் பருவ மழை கறுத்துக்கொண்டு நிற்கும். ஊரில் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் டிராக்டர் வேண்டும்!

அந்த வருஷம் எங்கள் முறை வர 16 நாள் தாமதம். வாடகை வண்டிக்காரரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு இருப்பது ஒரு வண்டி, ஒரு முதுகு. வேளாண்மைப் பொறியியல் துறையிலும் மணிக் கணக்கில் டிராக்டர் வாடகைக்கு உண்டு. நல்ல ஏற்பாடு, ஆனால் எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? நாற்றங்காலில் நாற்று முற்றிப்போனது. முற்றின நாற்றை நட்டால் தூர் கட்டாது. தூர் இல்லாவிட்டால் கதிர் ஏது? மாசியில் வழக்கத்தில் முக்கால் பங்குகூட வீடு வந்து சேரவில்லை.

அறுத்தடிப்பு முடிந்த அன்று ராத்திரி அப்பா கஞ்சி குடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"வித்துருவோம் மக்கா. பிளாட்டுக்காரன் மூணு தடவ வந்துட்டுப் போயிட்டான்."

நாற்பது வருஷம் அந்தத் தொளியில் நின்ற மனுஷர். எனக்குத் தொண்டையில் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. வீராவேசமாக, "வேண்டாம்ப்பா. டிராக்டர் வாங்குவோம்!" என்றேன்.

"ஆமா... நீ எழுதுக துட்டுக்கு ஏரோப்பிளேனே வாங்கலாம்" என்றார் அப்பா.

சவால் விட்டாகிவிட்டது. விடுவேனா? 2025 சித்திரையில் ஒரு நாள் நாகர்கோவிலில் ஒரு ஷோரூமில் போய் நின்றேன். சிவப்பாக, பளபளவென்று, கழுத்தில் மாலையோடு நின்றிருந்தது. 45 ஹெச்.பி.! சினிமாவில் ஹீரோ பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டி வருவாரே, அதே கம்பீரம். சேல்ஸ்மேன் தம்பி, "ஏறி உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். அவ்வளவுதான், மனசு பறிபோயிற்று. அட்வான்ஸுக்குப் பர்ஸைத் தடவும்போது, கூட வந்திருந்த மெக்கானிக் அண்ணாச்சி காதோரம் வந்தார்.

"தம்பி, வண்டி நல்ல வண்டிதான். உங்க வயலுக்குப் போற வழியில ஒரு கல்பாலம் உண்டுல்லா... அது எத்தன அடி?"

"தெரியலையே அண்ணாச்சி..."

"போய் அளந்துட்டு வாரும். வண்டி இங்கதான் நிக்கும்."

டேப்போடு போனேன். கால்வாயின் குறுக்கே இரண்டு கல் பலகை. மொத்தம் ஐந்தேகால் அடி. நான் பார்த்த வண்டியின் பின்சக்கரங்கள், வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு, ஆறடி! 45 குதிரையும் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்று புல் மேய வேண்டியதுதான்.

என் முதல் பாடம் இதுதான். டிராக்டரைத் தேர்வு செய்வது ஷோரூமில் அல்ல. வயலுக்குப் போகும் வழியில் இருக்கிற மிகக் குறுகலான இடத்தில்!

பிறகு அண்ணாச்சியின் பட்டறையே எனக்குக் காலேஜ். அவர் சொன்னதை உங்களுக்காகச் சுருக்கித் தருகிறேன்.

முதலில் எடை. காய்ந்த தரையில் கனமான டிராக்டர் பிடிப்பாக இழுக்கும். எங்கள் தொளியிலோ ஒன்றரை டன்னுக்கு மேல் போகும் வண்டி உளையில் இறங்கினால் தூக்க இன்னொரு டிராக்டர் வர வேண்டும். அதுவும் சேர்ந்து மாட்டிக்கொண்டால் ஊருக்கே வேடிக்கை! சின்ன வயலுக்கு இலேசான வண்டி. முன்சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் என்றால் இன்னும் விசேஷம்.

அடுத்து ஹெச்.பி. விளம்பரத்தில் போடுவது இன்ஜினின் சக்தி. ரோட்டவேட்டரைச் சுற்றுவதோ பின்னால் இருக்கும் பி.டி.ஓ. என்கிற சுழல்தண்டு. நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது அதன் வழக்கமான வேகம். இன்ஜினில் இருக்கும் சக்தி முழுக்க அங்கே வந்து சேராது. சம்பளத்துக்கும் கையில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வையுங்களேன். ஆகவே, 'பி.டி.ஓ. ஹெச்.பி. எவ்வளவு?' என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பரிசோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர்களைச் சோதித்து ரிப்போர்ட் தருகிறவர்கள் அவர்கள். அந்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னால் சேல்ஸ்மேன் உங்களை 'சார்' என்று கூப்பிடுவதில் ஒரு தனி மரியாதை வந்துவிடும்.

இனி பவர் டில்லர். கேரள அரசின் கம்பெனியான காம்கோ, பெங்களூர் வி.எஸ்.டி. இரண்டும் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். விலை குறைவு, எடை குறைவு, பாலமும் தாண்டும். ஆனால் தொளியில் அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். அப்பாவுக்கு வயது 68. எனக்கு 36. இரண்டு பேர் முட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய வண்டி? பார்த்தோம். பெயின்ட் புதுசு, சீட் கவர் புதுசு. அண்ணாச்சி பெயின்டைப் பார்க்கவே இல்லை. கிளட்ச் பெடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். கியர் ஆயிலைத் தொட்டார். பால் காபி நிறத்தில் இருந்தது.

"தண்ணி கேறியிருக்கு. நாம கெளம்புவோம்."

கடைசியாக முக்கியமானது. "எந்தக் கம்பெனி நல்லது அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நட்டநடு நடவு சீசன்ல ஒரு ஃபில்டர், ஒரு சீல் போச்சுன்னா, சாயங்காலத்துக்குள்ள எவன் கடையில கிடைக்குதோ, அவந்தான் நல்ல கம்பெனி."

எம்.பி.ஏ. படித்தவர்கள் இதையே முப்பது ஸ்லைடில் சொல்வார்கள்.

வண்டி முடிவாயிற்று: 24 ஹெச்.பி., ஃபோர் வீல் டிரைவ், நாலரை அடிக்குள் அகலம். இனிமேல்தான் பி.காமின் வேலை. டிராக்டரும் ரோட்டவேட்டருமாக 6 லட்சம் என்று வைத்தேன். 10 வருஷம் கழித்து 2 லட்சத்துக்குப் போகும் என்றால், தேய்மானம் வருஷம் 40,000. வட்டி சராசரியாக இன்னொரு 40,000. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் 15,000. ஆக, வண்டி சும்மா ஷெட்டில் நின்றாலே வருஷத்துக்கு 95,000 ரூபாய். எங்கள் இரண்டு ஏக்கருக்கு, இரண்டு பூவும் சேர்த்து, வேலை 30 மணி நேரம். டீசலும் டிரைவர் கூலியும் மணிக்கு 450. கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேர உழவுக்கு 3,600 ரூபாய்க்கு மேல்! எங்கள் ஊரில் நாங்கள் கொடுத்த வாடகையோ 1,100.

எனக்கு வியர்த்துவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, "என்னடே, கணக்கு ஒதைக்கா?" என்றார்.

உதைத்தது. நேர்மையாகச் சொல்கிறேன். இரண்டு ஏக்கர் மட்டும் வைத்துக்கொண்டு சொந்த டிராக்டர் வாங்குவது ஆசைக்குச் சரி, கணக்குக்குத் தப்பு. வேளாண் பொறியியல் புத்தகங்களில் ஒரு டிராக்டருக்கு வருஷம் 1,000 மணி நேர வேலை என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். எங்கே 1,000, எங்கே 30! வாடகையோடு ஒப்பிட்டால் எனக்குக் கட்டுப்படியாக 146 மணி நேரமாவது வேண்டும்.

மீதி 116 மணி நேரத்தை எங்கே தேட? தேடவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த வரப்பிலேயே இருந்தது. சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர், பக்கத்து வயல் மாமாவுக்கு மூன்று ஏக்கர். எங்களோடு சேர்த்து எட்டு. ஆக 120 மணி. மாமாவின் தென்னந்தோப்புக்கும் சித்தப்பாவின் வாழைக்கும் 30 மணி. மொத்தம் 150! அகலம் குறைந்த வண்டி மர வரிசைகளுக்கு நடுவே புகுந்து வரும் என்பது கூடுதல் லாபம்.

"பேப்பர்ல எழுதிக்கிடணுமாக்கும்? நமக்குள்ள என்னத்துக்குவே?" என்று முகம் கோணினார் மாமா. அவருக்கு ஹாரி ஃபெர்குசன் கதையைச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைச் சும்மா கட்டி இழுப்பார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டர் முன்னால் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழும். ஓட்டுகிறவர் கதி அதோகதி. அயர்லாந்துக்காரரான ஃபெர்குசன், மூன்று புள்ளியில் கலப்பையை மாட்டி ஹைட்ராலிக்கில் தூக்கும் முறையைக் கொண்டுவந்தார். இலேசான வண்டியும் கனமான வேலை செய்யலாம் என்று ஆனது. இன்று எந்தக் கம்பெனி வண்டியின் பின்பக்கம் பார்த்தாலும் அந்த மூன்று கைகள் இருக்கும். மாஸே ஃபெர்குசன் என்ற பெயரில் இருப்பதும் அவர்தான். 1938-ல் அவரும் ஹென்றி ஃபோர்டும் சேர்ந்து டிராக்டர் செய்ய முடிவெடுத்தார்கள். ஒப்பந்தப் பத்திரம்? கிடையாது. கைகுலுக்கல்தான்! ஃபோர்டின் பேரன் காலத்தில் உறவு முறிந்தது. வழக்கு 1952-ல் முடிந்தபோது ஃபோர்டு கம்பெனி கொடுத்த தொகை 92.5 லட்சம் டாலர்.

மாமா சற்று யோசித்தார். "செரி. எழுதுவே" என்றார்.

எழுதினோம். யார் வயல் முதலில் என்பது வருஷா வருஷம் சுற்றி வரும். ஓட்டிய மணியை மீட்டர் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். டீசல் அவரவர் செலவு. ரிப்பேர் ஏக்கர் கணக்கில். மட்கார்டில் குழந்தைகளை உட்கார வைத்து ரவுண்டு போகக் கூடாது. இந்தக் கடைசி ஷரத்து அம்மா சேர்த்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்.

மானியம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'உழவன்' செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறையிலோ முதலில் விண்ணப்பியுங்கள். அனுமதி வந்த பிறகு வண்டி எடுங்கள். அவசரப்பட்டு வண்டியை எடுத்துவிட்டு மானியம் தேடி அலையாதீர்கள். நாங்கள் முறை வரும்வரை காத்திருக்க முடியாமல் மானியம் இல்லாமலே எடுத்தோம். ஆனால் வேறொரு அதிர்ஷ்டம் அடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஐந்து லட்ச ரூபாய் வண்டியில் ஏறக்குறைய 31,000 மிச்சம். அதில் தொளிக்கான இரும்புச் சக்கரம் வாங்கினோம்.

புரட்டாசிக் கடைசியில் வண்டி வந்தது. கல்பாலத்தில் ஏறும்போது ஊரே வேடிக்கை பார்த்தது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட அரை அடி மிச்சம் வைத்துத் தாண்டியது. கன்னிப்பூ அறுத்த ஆறாம் நாள் எங்கள் வயலில் தொளி. நாற்று முற்றவில்லை.

அப்பா மட்டும் வரப்பில் நின்று, "சவம், மாடுன்னா சாணியாவது போடும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கடன் என்றாலே அவருக்கு ஆகாது. ஐந்து வருஷத் தவணை என்று கேட்டதிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

நட்டு முடித்த மறுநாள் பிளாட்டுக்காரர் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"பாட்டா, வயலு விசயம் என்ன முடிவு பண்ணிய?"

"இப்பம் ஒண்ணும் முடியாது கேட்டேரா. வண்டிக் கடன் கெடக்கு, அஞ்சு வருசம். அது தீந்த பொறவு கூப்பிடும்!"

போனை வைத்துவிட்டு, வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

பேலன்ஸ் ஷீட்டில் கடனை இடது பக்கம் எழுத வேண்டும் என்று எனக்கு மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அதை வலது பக்கம், சொத்துக்கள் வரிசையில் எழுதினேன்.